பண்டிகைக் கால அன்பளிப்புகள்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு புடவைக் கடையின் கணக்குப் பகுதியில் வேலை செய்வதால், தீபாவளி தொடங்கித் தைப்பொங்கல் வரையான மாதங்களில் உறவினரும் அயலவரும் கடைக்கு வருவோரும் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே தந்து, பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும். ஆனாலும் செலவும் பதற்றமும் உச்சத்துக்குப் போவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் என்பதால் அக்காலத்தையே முதன்மையாக எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கும் நத்தாருக்கும் எப்ப இருந்து வாங்கத் தொடங்கவேணும்?

முதலில் நாட்காட்டியை எடுத்துத் திகதிகளைப் பாருங்கள். நத்தார் அசையாது, தீபாவளி அசையும். 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதி வந்தது. 2026இல் நவம்பர் 8ஆம் திகதி வருகிறது. முதலாவது வருடத்தில் தீபாவளிக்கும் நத்தாருக்கும் இடையில் 66 நாட்கள். அடுத்த வருடத்தில் 47 நாட்களே. மாதம் 25ஆம் திகதி சம்பளம் பெறுபவருக்கு முன்னையதில் இடையே இரண்டு சம்பளங்கள் கிடைத்தன, பின்னையதில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு பண்டிகைக்கும் அன்பளிப்புக் கொடுக்கும் குடும்பங்கள், தீபாவளி பிந்தி வரும் வருடங்களில், நத்தாருக்கு வேண்டியவற்றுள் ஒரு பகுதியைத் தீபாவளிக்கு முந்திய சம்பளத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது மழை. எங்கள் குடாநாட்டுக்கு மழையின் பெரும்பங்கைத் தருவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழையே. அதிலும் நவம்பர் மாதம் கடுமையானது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தபோது கடைக்குப் போவது இருக்கட்டும், ஒழுங்கையைத் தாண்டுவதே பலருக்கு இயலாமற் போனது. ஆகவே பண்டிகைக்கு ஆறு வாரங்களுக்கு முன் தொடங்கி, பத்து நாட்களுக்கு முன் முடித்துவிடத் திட்டமிடுங்கள். கடைசிப் பத்து நாட்களையும் மழைக்கும் பலகாரத்துக்கும் வீட்டுத் துப்புரவுக்கும் விட்டுவிடுங்கள்.

லிஸ்ற் எழுது எண்டு சொல்லுறியள். என்னத்தை எழுதுறது, சாமானையோ ஆக்களையோ?

ஆட்களை எழுதுங்கள். பொருட்களை எழுதிக்கொண்டு கடைக்கு வருபவர் அந்தப் பொருள் இல்லாதபோது தடுமாறி, கண்ணிற் பட்டதை வாங்கிக்கொண்டு போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆளை எழுதியவருக்கோ ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று தோன்றும், ஏனெனில் அவர் மனதில் இருப்பது அந்த மனிதர்.

தனித்தாளில் எழுதாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள்; அடுத்த வருடமும் அது வேண்டியிருக்கும். ஒரு வரியில் பெயர், வயது, உடுப்பளவு, சென்ற வருடம் கொடுத்தது, இவ்வருடம் ஒதுக்கும் தொகை ஆகிய ஐந்தும் இருந்தாற் போதும். ‘மாமி, நூல் சேலை, சென்ற முறை நீலம், கண் சத்திரசிகிச்சை செய்தவர், வெளிர் நிறம் விரும்புகிறார்’ என்று ஒரு வரி இருந்தால், கடையில் அரை மணித்தியாலம் நின்று யோசிக்கும் வேலை இல்லாமற் போகும்.

எழுதி முடித்த பின் பட்டியலை ஒரு தடவை வாசித்து, ஏன் கொடுக்கிறோம் என்பது உங்களுக்கே விளங்காத பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அவர்களுக்குப் பலகாரம் கொண்டு போனாலே போதுமானது. யாரையும் விலக்குவது இதன் நோக்கம் அன்று. எல்லோருக்கும் உடுப்பு எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்துவதே நோக்கம்.

மொத்தமா எவ்வளவு செலவழிக்கலாம் எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?

பண்டிகைக்கு அடுத்த மாதச் செலவை முதலில் எழுதுங்கள். மின்சாரக் கட்டணம், ரியூசன் காசு, தை மாதத்துத் தேவைகள் எல்லாவற்றையும் கழித்த பின் மிஞ்சுவதே அன்பளிப்புக்கான தொகை. பலர் இதைத் தலைகீழாகச் செய்வதாலேயே பொங்கலுக்கு அரிசி வாங்கும்போது கை கடிக்கிறது. தொகை 40,000 ரூபா என்று வந்தால், அதில் 6,000 ரூபாவை உடனே வேறாக எடுத்து வையுங்கள். ஓட்டோக் காசு, தையற்கூலி, பொதி சுற்றும் தாள், நகரில் குடிக்கும் தேநீர், அனுப்புகூலி ஆகியவை பட்டியலில் இருப்பதில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து போகின்றன. மிகுதி 34,000 ரூபாவை மட்டுமே பெயர்களுக்குப் பகிருங்கள்.

சீட்டுப் பிடிப்பவர்கள் பண்டிகை மாதத்தில் எடுக்கக்கூடியதாகத் திட்டமிடுவது நல்ல பழக்கம். ஆனால் கழிவு கொடுத்து அவசரமாக எடுத்தால், அந்தக் கழிவும் அன்பளிப்பின் விலையோடு சேர்ந்ததுதான். அரச ஊழியருக்குக் கிடைக்கும் பண்டிகை முற்பணத்தை மேலதிக வருமானமாக எண்ணாதீர்கள். அது பின்வரும் சம்பளங்களில் தவணையாகக் கழிக்கப்படும். நகையை அடைவு வைத்து உடுப்பு எடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உடுப்பு ஒரு வருடத்தில் பழசாகிவிடும். வட்டி அதற்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

உடுப்பு எடுக்கிறதுக்கு எந்த நாள், எந்த நேரம் நல்லது?

வாரநாளில், கடை திறந்து முதல் இரண்டு மணித்தியாலம். அந்நேரத்தில் விற்பனையாளருக்குப் பொறுமை இருக்கும்; நீங்கள் கேட்கும் பத்தாவது சேலையையும் முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுவார். சனிக்கிழமை பின்னேரத்திலும் சம்பளம் வந்த மறுநாளிலும் வருவதைத் தவிருங்கள்.

எதை முதலில் வாங்குவது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. தைக்க வேண்டியதே முதலில். தையற்காரர்கள் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே புதிய துணி எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ரவிக்கைத் துணி, பாவாடை சட்டைத் துணி, பெரியவர்களின் நீளக்காற்சட்டைத் துணி ஆகியவற்றை முதற் பயணத்திலேயே வாங்கி, வீடு திரும்பும் வழியிலேயே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஆயத்த உடுப்புகள் அடுத்தது. வேட்டி, சால்வை, துவாய், படுக்கை விரிப்பு போன்றவற்றுக்கு அளவுப் பிரச்சினை இல்லாததால் கடைசியில் வாங்கலாம்.

சேலையையோ சட்டையையோ கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே மரூனாகத் தெரிந்தது வெளியே மண்ணிறமாக இருப்பதுண்டு. கடும் நிறத் துணியானால், அனுமதி கேட்டு, ஈரக் கைக்குட்டையின் ஓரத்தால் உள்மடிப்பில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் விடுமென்றால் அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளைகளின் சட்டையைத் திருப்பி, கீழ் மடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தால் அடுத்த வருடம் பிரித்து இறக்கலாம். அளவு தெரியாத பிள்ளைக்கு வாங்குவதானால், வயதைச் சொல்லாமல், அப்பிள்ளையின் பழைய சட்டை ஒன்றின் தோள் தையல் முதல் மறு தோள் தையல் வரையான நீளத்தை ஒரு நூலால் அளந்து கொண்டு வாருங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போறதோ?

அவர்களுக்கான உடுப்பு எடுக்கும் ஒரு பயணத்துக்கு மட்டும் கூட்டிச் செல்லுங்கள். அன்று வேறெதையும் வாங்க வேண்டாம்.

ரவுணுக்கே வரவேணுமோ? எங்கட சந்தையடியில வாங்கினாக் காணாதோ?

பல பொருட்களுக்குக் காணும். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறை ஆகிய இடங்களில் நல்ல புடவைக் கடைகள் இருக்கின்றன. ஓட்டோக் காசும் அரை நாளும் மிச்சம். தெரிந்த கடைக்காரர் என்றால் மாற்றிக் கொடுப்பதும் இலகு. நான் நகரக் கடையில் வேலை செய்பவர் என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நகைக்காகக் கஸ்தூரியார் வீதிக்கோ, பல கடைகளில் விலை ஒப்பிட வேண்டியபோது நவீன சந்தைப் பக்கத்துக்கோ வரும் நாளில், கொப்பியில் நகரில் மட்டுமே வாங்கக்கூடியவற்றுக்கு அடையாளமிட்டுக்கொண்டு வாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள கடையில் தொடங்கி, நிலையத்தை நோக்கி வந்தபடி வாங்குங்கள். பாரமான பொதி கடைசியில் கைக்கு வரும்.

‘50 வீதக் கழிவு’ எண்டு போட்டா அது உண்மையான கழிவோ?

சில வேளை உண்மை, சில வேளை இல்லை. பழைய இருப்பை வெளியேற்றக் கொடுக்கும் கழிவு உண்மையானது. கடைக்கு இடம் வேண்டும், அதனால் இழப்பையும் ஏற்றுக்கொள்வார்கள். அந்த மேசையில் அளவுகள் குறைவாக இருக்கும், நிறங்கள் முழுமையாக இருக்காது, அதுவே அடையாளம். எல்லா அளவும் எல்லா நிறமும் புதிதாய் அடுக்கியிருக்க, மேலே கழிவு அட்டை தொங்கினால், விலையை உயர்த்திக் குறைத்திருக்க இடமுண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரேயொரு வழிதான் உண்டு. புரட்டாதி மாதத்தில் ஏதாவது அலுவலாக நகருக்கு வரும்போது, உங்களுக்குத் தேவைப்படக்கூடிய இரண்டு மூன்று பொருட்களின் விலையை மேலே சொன்ன கொப்பியில் குறித்துவையுங்கள். பண்டிகைக் கழிவுக்குப் பின்னான விலையை அதனோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதைப் பொறுத்தவரை, பட்டியலில் இரண்டாவதற்கு ஒரு பெயர் இல்லையென்றால் அது உங்களுக்கு இலவசம் அன்று.

முகநூலில படத்தைப் போட்டு விக்கினம், அதை நம்பி வாங்கலாமோ?

வாங்கலாம், ஆனால் பண்டிகைக்கு மூன்று வாரங்களுக்கு முன்னதாகவே. தபால் விநியோகமும் தனியார் பொதி விநியோகமும் அக்காலத்தில் பிந்தும். பிழையான பொருள் வந்தால் மாற்றவும் நாள் வேண்டும். பொருள் கைக்கு வந்த பின் பணம் கொடுக்கும் முறையையே தெரிவுசெய்யுங்கள். முழுப் பணத்தையும் தனிநபரின் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே போடச் சொன்னால் விலகிவிடுங்கள். விற்பவரிடம் அந்தப் பொருளைப் பகல் வெளிச்சத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கையிற் பொருள் உள்ளவர் அனுப்புவார்.

அளவு சரிவராட்டி மாத்தித் தருவினமோ?

கேட்டு வாங்கினால் தருவார்கள். பணம் செலுத்துமுன் ‘எத்தனை நாளுக்குள் மாற்றலாம், பண்டிகை முடிந்த பிறகும் மாற்றலாமா’ என்று கேட்டு, அந்தப் பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்பளிப்பைப் பெறுபவர் பண்டிகையன்றுதான் அணிந்து பார்ப்பார் என்பதால் இது முக்கியம். விலைத்துண்டை அகற்றினாலும் கடையின் அடையாளத் துண்டை அகற்றாதீர்கள். பற்றுச்சீட்டுகளை அதே கொப்பிக்குள் வையுங்கள்.

பற்றுச்சீட்டுக் கேட்பது கடைக்காரரை அவமதிப்பது ஆகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பது வர்த்தகரின் கடமை. பொதியில் அச்சிட்ட உச்சபட்சச் சில்லறை விலைக்கு மேல் விற்பதும் குற்றம். பேசித் தீராத முறைப்பாடுகளுக்கு அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிற ஆக்களுக்கு என்ன குடுக்கிறது? அவையிட்ட இல்லாத சாமானோ?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் கிடைக்கும் எதையும் கொடுக்க வேண்டாம். அங்கே கிடைக்காதது, பெட்டியில் பாரம் கூடாதது, உடையாதது ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பனையோலைப் பொருட்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களில் பெட்டிகள், தொப்பிகள், கைப்பைகள் கிடைக்கும். ஊரில் இழைக்கும் அம்மாமார் இருந்தால் அவர்களிடமே சொல்லிச் செய்விப்பது இன்னும் நல்லது. அந்தப் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகும். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஓலை காயச் சுணங்கும்.

உணவென்றால் பருத்தித்துறை வடை, ஒடியல், புழுக்கொடியல், வீட்டில் வறுத்திடித்த மிளகாய்த்தூள் ஆகியவை நாட்பட இருக்கும். பனங்கட்டி மழை ஈரத்தில் கசியும் என்பதால், குட்டானோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் இட்டு மூடுங்கள். தேங்காய்ப்பூச் சேர்ந்த பலகாரத்தைப் பயணத்துக்குக் கொடுக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ திரும்புபவரிடம், ஓலைப் பொருளையும் உணவையும் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். மறைத்தால் தண்டப்பணம் கட்ட நேரிடும்.

நாங்கள் இங்க இருந்து பார்சல் அனுப்பினா அவை அங்க வரி கட்டவேணுமோ?

ஓர் எல்லை வரை இல்லை. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பிரித்தானியாவில் 39 பவுண், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ, கனடாவில் 60 கனேடிய டொலர், சுவிட்சர்லாந்தில் 100 பிராங்க் வரையான பெறுமதிக்கு வரிவிலக்கு உண்டு. சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்றும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரும் உண்மையான விலையும் ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். ‘உணவுப் பொருள்’ என்று பொதுவாக எழுதிய பொதிகளே திறக்கப்பட்டுத் தாமதமாகின்றன. இறைச்சியும் பாற்பொருட்களும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அனுப்ப முடியாதவை. பாலில் செய்த இனிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள்.

அனுப்புகூலியில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில்தான். விரைவு விமானப் பொதிச் சேவைகள் நிறையோடு கன அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வரும் கிலோவும் உண்மை நிறையும் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 40, 30, 30 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டி 7.2 கிலோவாகக் கணக்கிடப்படும், உள்ளே இரண்டு கிலோ ஓலைப் பெட்டிகளே இருந்தாலும். எனவே ஓலைப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, உட்குழியில் ஒடியலையும் தூளையும் நிரப்பி, அட்டைப் பெட்டியை அளவாக வெட்டி ஒட்டுங்கள். நத்தாருக்குப் போய்ச் சேர வேண்டியது நவம்பர் முதல் வாரத்தில் இங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும்.

போன வருசம் மச்சாள் ஆக்கள் பெரிசாத் தந்தவை. நாங்கள் சின்னதாக் குடுத்தா என்ன நினைப்பினம்?

எல்லாக் கேள்விகளிலும் மனதை அதிகம் வருத்துவது இதுதான். வெளிநாட்டுப் பணம் வரும் வீடும் வராத வீடும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் ஊர் எங்களுடையது. வந்ததற்குச் சமமாகத் திருப்பிக் கொடுக்க முயன்று கடன்படும் வீடுகள் உண்டு என்பது கணக்குப் பகுதியில் இருக்கும் எனக்குத் தெரியும். தவணைக்கு எழுதியவர் யார் என்பது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

உங்களுக்கு இயலும் தொகையைத் தாண்டாமல், அவர்களது வீட்டில் ஒருவருக்கு மட்டும் பொருத்தமாக ஒன்றைக் கொடுங்கள். மச்சாளின் பிள்ளை வரைபவள் என்றால் நல்ல வர்ணப் பெட்டி ஒன்று போதும். நான்கு பேருக்கும் நான்கு சாதாரணச் சட்டைகள் வேண்டியதில்லை. நெருங்கிய குடும்பங்கள் என்றால் ஐப்பசிக்கு முன்பே நேரிற் பேசி, ‘இம்முறை பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்போம், பெரியாக்களுக்கு வேண்டாம்’ என்று முடிவுசெய்யுங்கள். யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டும் என்று மற்றவர்களும் காத்திருப்பார்கள். வசதி குறைந்த வீடு இதைச் சொல்வது கடினம் என்பதால், வசதி உள்ளவர்களே முதலில் சொல்லுவது முறை.

செத்தவீடு நடந்து ஆட்டை முடியாத வீட்டுக்கு ஏதும் கொண்டு போகலாமோ?

ஆட்டைத்திவசம் முடியும் வரை அவ்வீட்டார் தீபாவளியோ பொங்கலோ கொண்டாடுவதில்லை; ஆகவே பண்டிகை உடுப்பைப் பொதி சுற்றிக் கொண்டு போவது பொருந்தாது. ஆனால் அவர்களைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடவும் கூடாது. பலகாரம் சுடாத வீட்டுக்கு அயலவர் பலகாரம் கொண்டு போய்க் கொடுப்பது எங்கள் ஊர்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். பிள்ளைகள் இருக்கும் வீடானால், பண்டிகைக்குச் சில நாட்கள் முந்தியோ பிந்தியோ போய், பாடசாலைக்கு உதவும் கொப்பி, பை போன்றவற்றைக் கொடுங்கள். அன்று மற்றப் பிள்ளைகள் புது உடுப்போடு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது, ஏனெனில் ஒவ்வொரு குடும்பமும் இதை ஒவ்வொரு விதமாகக் கடைப்பிடிக்கிறது.

சாமானுக்குப் பதிலாக் காசு குடுத்தா மரியாதைக் குறைவோ?

சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடமாகக் காசையே கொடுக்கும் எங்களுக்கு அது எப்படி மரியாதைக் குறைவாகும்? வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனியே வாழும் முதியவர்களுக்கும் காசே அதிகம் பயன்படும். உறையில் வைத்து, இரண்டு வரி கையால் எழுதிக் கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது அவர்கள் கைக்கு வராது. அவர்களுக்குப் பொருளே நல்லது.

எல்லாம் பிந்திப் போச்சு, இன்னும் மூண்டு நாள்தான் கிடக்கு. இனி என்ன செய்யிறது?

கொப்பியில் பெயர்களை இப்போதாவது எழுதுங்கள். அரை மணித்தியாலம் போதும். முதல் நாள் காலை, கடை திறக்கும் நேரத்துக்கு, பிள்ளைகளின் உடுப்புக்கு மட்டும் போங்கள். பிந்தினால் அளவுகள் தீர்ந்துவிடுவது அவர்களுக்கே. இரண்டாம் நாள், அளவு பார்க்கத் தேவையில்லாத வேட்டி, சால்வை, துவாய் போன்றவற்றை வீட்டுக்கு அண்மையிலுள்ள கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள். வளர்ந்தவர்களுக்கு, முந்திய பதிலில் சொன்னபடி, உறை. புள்ளி வைத்த பெயர்களுக்குப் பலகாரம். அதை மூன்றாம் நாள் வீட்டிற் சுடலாம்.

சேலை கொடுக்க வேண்டிய ஒருவர் இருந்து, ரவிக்கை தைக்க நாள் இல்லையென்றால், சேலையோடு ரவிக்கைத் துணியையும் வைத்து, தையற்கூலியை ஒரு சிறு உறையில் இட்டு உள்ளே செருகிக் கொடுத்துவிடுங்கள். பண்டிகை கழிந்த வாரத்தில் தையற்காரரிடம் கூட்டம் இருக்காது; தம் அளவுக்கு ஆறுதலாகத் தைப்பித்துத் தைப்பொங்கலுக்கு அவர் உடுத்திக்கொள்வார்.